தமிழ் ஃபான்ட்: கடைக்கு வருகிறவர்களும் வரையக் கற்கிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கும்பாபிஷேக அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் போகும். மிச்ச நேரத்தில் எழுத்துரு வரைகிறேன், அதாவது வெளியூர் ஸ்டுடியோக்களுக்குத் தமிழ்ப் பகுதியை மட்டும் சரிபார்த்துக் கொடுக்கும் துண்டு வேலை. அதனால் பத்திரிகை அடிக்க வருகிறவர், ஃபான்ட் செய்ய ஆசைப்படும் காலேஜ் பையன் என்று இரண்டு தரப்பும் என்னிடம்தான் கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதை ஒருமுறை எழுதி வைத்துவிடலாம்.

வீட்டில் அடித்து பென்டிரைவில் கொண்டுவந்த மேட்டர் உங்கள் கணினியில் ஏன் கன்னாபின்னாவென்று தெரிகிறது?

நீங்கள் பழைய முறை ஃபான்டில் அடித்திருக்கிறீர்கள், அது என் கணினியில் இல்லை. பாமினி என்ற பழைய ஃபான்டில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை பாமினி இல்லாத இடத்தில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி என்று வரும். உண்மையில் கோப்புக்குள் இருப்பதே அந்த ஆங்கில எழுத்துகள்தான். ஜே இருக்க வேண்டிய இடத்தில் ‘த’ படத்தை உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தை. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளாளுக்கு எந்த எழுத்தை எங்கே உட்கார வைப்பது என்பதைத் தனித்தனியாக முடிவு செய்துகொண்டதால் ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது. ஃபான்டை மாற்றினாலே மேட்டர் போச்சு.

யூனிகோடில் இந்தத் தொல்லை கிடையாது. ‘த’வுக்கு உலகம் முழுக்க ஒரே எண், ஃபான்ட் எதுவானாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும். பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் மாற்றிய கையோடு அச்சுக்கு அனுப்பாதீர்கள். நடுவில் இருந்த ஆங்கில வார்த்தைகளும் சேர்ந்து தமிழாகிக் குப்பையாகியிருக்கும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாக மாறியிருக்கும். ஃபோன் நம்பரையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சரி, யூனிகோடில்தான் அடித்தேன். ஃபோட்டோஷாப்பில் போட்டால் கொம்பு தள்ளிப்போய் நிற்கிறதே?

‘கெ’ என்று நாம் எழுதும்போது கொம்பு முதலில், ‘க’ பிறகு. கணினி சேமிக்கும்போது ‘க’ முதலில், கொம்பு பிறகு. திரையில் காட்டும் நேரத்தில் கொம்பை இடப்பக்கம் தூக்கிவைக்க வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. ‘கொ’ வந்தால் ஒரே குறியை இரண்டாக உடைத்து, கொம்பை இந்தப் பக்கமும் காலை அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். இது தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். பழைய கோரல் டிராவில் எதைச் செய்தாலும் வராது, பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. நம் பக்கத்து அச்சகங்கள் இன்னமும் பழைய ஃபான்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. பல வருஷத்துக் கோப்புகள், பழகிய விரல்கள், வேலை செய்யும் பழைய மெஷின் எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப்போட யாராலும் முடியாது. இருந்தாலும் புதிதாக ஆரம்பிக்கும் எந்த வேலையையும் பழைய முறையில் ஆரம்பிக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

முதன்முதலில் தமிழ் எழுத்து வார்த்தது நம்ம தரங்கம்பாடியில்தானே?

முதல் என்று சொல்ல முடியாது. 1578இலேயே கொல்லத்தில் போர்த்துகீசியப் பாதிரிகள் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சடித்துவிட்டார்கள். தரங்கம்பாடியின் கதை அதற்கு நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து வருகிறது, ஆனால் எழுத்துரு வேலை பார்க்கிறவனுக்கு இதுதான் ருசியான கதை.

சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். இங்கிருந்து அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். தமிழ் தெரியாத கைகள் வெட்டிய எழுத்து. அவை 1713இல் வந்து சேர்ந்தன. வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது, எழுத்து பெரிசு. ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் கொள்ளும், காகிதமோ கப்பலில் வர வேண்டியது. புதிய ஏற்பாட்டின் முதல் பகுதியை 1714இல் அந்தப் பெரிய எழுத்திலேயே அடித்தார்கள். அப்புறம் பக்கத்திலிருக்கும் பொறையாறில் ஆட்லர் என்பவர் சின்ன எழுத்துகளை வார்த்துக் கொடுக்க, மீதியை அந்தச் சின்ன எழுத்தில் அடித்து 1715இல் முடித்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கித்தான் அந்த எழுத்தை வார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. பொறையாறில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள்.

எத்தனை பாயிண்டில் எத்தனை வரி கொள்ளும், காகிதச் செலவு எவ்வளவு, அந்த அளவில் எழுத்து படிக்க வருமா என்பதுதான் அன்றைக்கும் பிரச்சினை. என் கடையில் இன்றைக்கும் அதே பேச்சுதான் நடக்கிறது.

ஒரு தமிழ் ஃபான்ட் செய்ய 247 எழுத்தையும் வரைய வேண்டுமா?

வேண்டாம். யூனிகோடில் தமிழ்த் தொகுதியில் இருப்பதே 72 குறிகள்தான், அதிலும் எண்களும் வரவு, பற்று, தேதி, மாதம் போன்ற குறிகளும் அடக்கம். கா, கி, கெ, கை எல்லாம் ‘க’வோடு குறியைச் சேர்த்தால் வந்துவிடும். ஆள் மாட்டிக்கொள்வது உகர ஊகாரத்தில். கு, கூ, சு, சூ, டு, டூ என்று 18 மெய்க்கும் இரண்டிரண்டு, மொத்தம் 36 எழுத்து. இவற்றைத் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும். சு, பு, வு கீழே கோடு இறக்கும், து, நு, லு கீழே சுற்றி மேலே ஏறும், கூ யாரோடும் சேராது. ஜு, ஸு போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் குறி தனியாக ஒட்டிக்கொள்வதால் கொஞ்சம் நிம்மதி. டி, டீ இரண்டும் தனிக் கேஸ், ‘ட’வின் அடிக்கோட்டிலிருந்தே விலங்கு, அதாவது இகர ஈகாரக் குறி, எழும்பி வர வேண்டும். எல்லாம் சேர்த்து நூறு, நூற்றைம்பது வடிவங்களில் ஒரு தடிமனுக்கான ஃபான்ட் முடிந்துவிடும்.

ஆரம்பிக்கிறவர்கள் ட, ப, ம, ய நான்கையும் முதலில் வரையுங்கள், நேர்கோட்டின் தடிமனும் உயரமும் அங்கேயே முடிவாகிவிடும். அடுத்து க, த, ச. பிறகு அ, ண, ஞ. ‘அ’வை முதலில் வரைந்து அதிலேயே மாதக்கணக்கில் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அழகான ‘அ’ ஒன்று இருக்கும், ஃபான்ட் இருக்காது.

தடிமன் விஷயத்தில் இன்னொன்று. மெல்லியதையும் மிகத் தடித்ததையும் கையால் வரைந்துவிட்டால் நடுவில் உள்ளவற்றை மென்பொருள் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் தடித்த ‘ண’வை வரைந்து பாருங்கள். மூன்று சுழி, மூன்றுக்குள்ளும் வெள்ளை வேண்டும், பக்கத்து எழுத்தைவிட அகலமும் ரொம்ப ஏறிவிடக் கூடாது. அங்கே கோட்டை எங்கெங்கே மெலிய வைக்கிறீர்கள் என்பதில்தான் வேலை தெரிந்தவரா இல்லையா என்பது தெரியும். புது ஃபான்ட் எது வந்தாலும் நான் முதலில் அதன் தடித்த ‘ண’, ‘ஞ’, ‘ணூ’ மூன்றையும்தான் போட்டுப் பார்ப்பேன்.

பத்திரிகையில் பேர் சரியாகத்தான் அடித்திருக்கிறீர்கள், ஆனால் பார்க்க வேறு மாதிரி தெரிகிறதே?

அது ஃபான்டின் குற்றம். ‘மன்னார்குடி’ என்று அடித்து, ‘னார்’ இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். துணைக்காலும் ‘ர’வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஓலைச்சுவடியில் இரண்டும் ஒரே வடிவம்தான், சுவடி படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். அச்சு வந்த பிறகு ‘ர’வின் அடியில் சாய்வாக ஒரு கோடு வந்து வித்தியாசம் காட்டியது. நவீனமாக இருக்கட்டும் என்று சில வடிவமைப்பாளர்கள் அந்தச் சாய்கோட்டைச் சுருக்கிச் சுருக்கி, சின்ன அளவில் மை கொஞ்சம் பரவினால் காணாமலே போகும்படி செய்துவிட்டார்கள். புள்ளி ஒன்றுதான் ‘ர்’ஐக் காப்பாற்றுகிறது.

‘கௌரி’ வேறு கதை. நிறையப் பேர் கொம்பு, ‘க’, பிறகு ‘ள’ என்று தனியாக அடிக்கிறார்கள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், தேடினால் கிடைக்காது. ‘ஔவை’யையும் இப்படியே ‘ஒ’வும் ‘ள’வுமாக அடிப்பவர்கள் உண்டு. நல்ல ஃபான்டில் ஔகாரக் குறியை உண்மையான ‘ள’வைவிடக் கொஞ்சம் சிறியதாக வரைந்திருப்பார்கள், தப்பாக அடித்திருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் கம்பெனியின் ஆங்கில ஃபான்டுக்கு ஜோடியாகத் தமிழ் ஃபான்ட் வேண்டும். அதே மாதிரியே இருக்க வேண்டும்.

‘அதே மாதிரியே’ என்பதில்தான் தகராறு. தடிமனும் உயரமும் ஒத்துப்போகட்டும், பக்கத்தில் வைத்தால் ஒன்று கறுப்பாகவும் ஒன்று வெளுப்பாகவும் தெரியாமல் இருக்கட்டும், அது போதும். ஆங்கில ‘யூ’வை அப்படியே ‘ப’ என்றும், ‘எல்’லை எடுத்து ‘ட’ என்றும் வைத்துக்கொண்டு எழுத்துருக் குடும்பம் என்று பெயர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். படிக்கிறவன் ஒவ்வொரு எழுத்திலும் தடுக்கி விழுவான்.

வரி இடைவெளியையும் கவனியுங்கள். மேலே விலங்கும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் போதாது, மேல் வரி ‘ஞு’வின் வாலும் கீழ் வரி ‘கீ’யின் சுழியும் மோதிக்கொள்ளும். வார்த்தையும் நீளம். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கிய பொத்தானுக்குள் தமிழைத் திணித்துவிட்டு, இடம் பற்றவில்லை என்று ஃபான்டை இடமும் வலமும் நசுக்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இடத்தைப் பெரிதாக்குங்கள் ஐயா.

தாத்தாவின் சதாபிஷேகம். பழைய ‘யானைத் தும்பிக்கை லை’ போட்டு அடிக்க முடியுமா?

முடியும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையோடுதான் இருந்தன. ணா, றா, னா மூன்றுக்கும் தனித்தனி வடிவம் இருந்தது, அவற்றின் ஒகர ஓகாரத்துக்கும் அப்படியே. பெரியார் 1930களிலேயே தன் பத்திரிகையில் புது முறைக்கு மாறிவிட்டார், அரசாங்கம்தான் மெதுவாக வந்தது. அச்சுக்கோப்பவர்களுக்கு இதனால் கேஸில், அதாவது ஈய எழுத்து வைக்கும் பெட்டியில், இருந்த கட்டைகள் குறைந்தன.

யூனிகோடில் அந்த ‘லை’க்கு வேறு எண் கிடையாது. அடிப்பது ஒரே மாதிரி, ஃபான்ட்தான் பழைய உருவத்தைக் காட்ட வேண்டும். லோஹித் தமிழ் கிளாசிக்கல் அதற்கென்றே செய்தது, இலவசம்.

தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டு எழுத்து மாதிரி ஒரு ஃபான்ட் செய்யலாமா?

ஆசை எல்லாருக்கும் வருகிறது, எனக்கும்தான். 1010இல் முடிந்த கோயில். அதிட்டானத்தை, அதாவது கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜன் காலத்து எழுத்து வரிசை வரிசையாக, சிற்பி கை ஆறாமல் வெட்டியது போல நிற்கும். சாய்வெயிலில் போய்ப் பாருங்கள், உச்சிவேளையில் நிழல் விழாது, எழுத்தும் தெரியாது.

ஆனால் அப்படியே எடுத்து ஃபான்ட் ஆக்க முடியாது. அங்கே புள்ளி பெரும்பாலும் கிடையாது. எகரம் ஏகாரம் வித்தியாசம் இல்லை, இரட்டைக்கொம்பெல்லாம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகு வந்தது. ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ போன்ற இடங்களில் கிரந்தம் கலந்து வரும். நம் காலத்து நிறுத்தக்குறியும் இல்லை. ஆக, கல்லில் இல்லாத பாதியை நீங்கள் கண்டுபிடித்தாக வேண்டும். அந்தச் சிற்பி இரட்டைக்கொம்பை வெட்டியிருந்தால் உளியை எந்தத் திசையில் ஓட்டியிருப்பான் என்று யோசித்து வரைவது ஒரு வழி. அது கஷ்டம், ஆனால் அதுதான் வேலை. புகைப்படத்தை டிரேஸ் செய்து, கல்லின் சொரசொரப்பையும் சேர்த்து ‘சோழா’ என்று பெயர் வைத்து விற்பது இன்னொரு வழி. அது பேனருக்கு ஆகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, கல்லில் உள்ளதை உள்ளபடி காட்டும் ஆய்வு ஃபான்ட். கிரந்தத்துக்கு 2014இலிருந்து யூனிகோடில் தனித் தொகுதி இருக்கிறது.

பழைய பத்திரம், நில ஆவணங்களில் வரும் நெல், குறுணி, மா, காணிக் குறிகளை அடிக்க முடியுமா?

இப்போது முடியும். 2019இல் யூனிகோட் 12.0 பதிப்பில் தமிழ்க் கூடுதல் தொகுதி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். 51 குறிகள். முந்திரி, அதாவது 320இல் ஒரு பங்கு தொடங்கிப் பின்னங்கள், உழக்கு, குறுணி, பதக்கு, நன்செய், புன்செய், நெல்லுக்கே தனியாக ஒரு குறி. கோயில் கணக்கும் பண்ணைக் கணக்கும் இந்தக் குறிகளில்தான் ஓடின. வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், அடையாளம் தெரியும். கூகுளின் நோட்டோ ஃபான்ட் குடும்பத்தில் இதற்குத் தனி ஃபான்ட் இருக்கிறது. மற்ற ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை, காசு தராத குறிகள். டெல்டா பையன் யாராவது இதை நல்லபடி வரைந்தால் நான் என் பங்குக்குச் சரிபார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

தமிழ் ஃபான்ட் செய்யும் ஸ்டுடியோக்கள் எவை? எப்படிப் பிழைக்கிறார்கள்?

ஐஃபோனில் வரும் தமிழ் சங்கம் எம்என் பார்த்திருப்பீர்கள். அந்த எம்என் மலேசியாவின் முத்து நெடுமாறன், முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்தவர். மும்பை ஏக் டைப் ஒரே குடும்பத்தைப் பல இந்திய எழுத்துகளுக்கு விரிப்பதில் கெட்டிக்காரர்கள், பாலூ தம்பி, முக்த மலர், அனேக் தமிழ் எல்லாம் அவர்களுடையவை. அகமதாபாத்தில் 2009இல் ஆரம்பித்த இந்தியன் டைப் ஃபவுண்டரியின் ஹிந்த் மதுரை இருக்கிறது. கனடாவின் டிரோ டைப்வொர்க்ஸ் செய்த டிரோ தமிழ் புத்தகத்துக்கு நல்லது. ஸ்டுடியோ என்று இல்லாமல் தனி ஆட்களும் உண்டு, கேட்டமரான் செய்த பிரியா ரவிச்சந்திரன், கவிவனார் செய்த இலங்கையின் தாரிக் அஸீஸ்.

பிழைப்பு சில்லறை விற்பனையில் இல்லை. பத்திரிகை, வங்கி, செல்ஃபோன் கம்பெனி போன்றவர்கள் தங்களுக்கென்று செய்யச் சொல்லித் தரும் காசுதான் சோறு போடுகிறது. மேலே சொன்னதில் பல ஃபான்ட்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக இருக்கின்றன, அதற்காகச் சும்மா செய்ததாக நினைக்க வேண்டாம், அந்தப் பக்கமிருந்து காசு கொடுத்துச் செய்யவைத்தவை அவற்றில் நிறைய.

இலவசம் என்றால் பத்திரிகை அடித்துக் காசு வாங்கலாமா?

தாராளமாக. ஓபன் ஃபான்ட் உரிமத்தில் வந்தவற்றை அச்சில், பெயர்ப்பலகையில், ஆப்பில் எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம். ஃபான்ட் கோப்பை மட்டும் தனியாக விலைபோட்டு விற்கக் கூடாது. மாற்றி வரைந்தால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், பெயரைக் காப்பு செய்திருந்தால் வேறு பெயர் வைக்க வேண்டும். ‘ஆயிரம் தமிழ் ஃபான்ட்’ என்று பென்டிரைவில் சுற்றுகிறதே, அதில் பெரும்பாலானவை காசு கொடுக்காமல் எடுத்தவை, பாதி பழைய முறை, மீதியில் ‘ஙூ’ இருக்காது.

எந்த மென்பொருள்? எங்கே படிப்பது?

மேக் இருந்தால் கிளிஃப்ஸ். காசு இல்லை என்றால் ஃபான்ட்ஃபோர்ஜ், இலவசம், முகம் சுளிக்க வைக்கும் தோற்றம், ஆனால் வேலை நடக்கும். படிப்புக்கு அகமதாபாத் என்ஐடி என்ற தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி, வசதி இருந்தால் இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகம். ஊரை விட்டுப் போக முடியாதவர்கள் நம்ம கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் கோடு போடவாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ளலாம். பலகை எழுதும் ஓவியர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர் பிரஷ்ஷை எங்கே அழுத்தி எங்கே எடுக்கிறார் என்று கூடவே நின்று பாருங்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஏஐ செய்து கொடுத்துவிடாதா?

‘ழ’ போல ஒன்று வரும், இரண்டு கால் அதிகமாக இருக்கும்.

அண்ணே, அதெல்லாம் இருக்கட்டும், நாளைக்குக் காதுகுத்து, பேனருக்கு எந்த ஃபான்ட்?

தலைப்புக்கு பாலூ தம்பி, பெயர்ப் பட்டியலுக்கு முக்த மலர், அதற்கு மேல் மூன்றாவது ஃபான்ட் வேண்டாம். மஞ்சள் மேல் சிவப்பு, எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, அதற்கு நிழல், அந்த நிழலுக்கு ஒரு பளபளப்பு என்று கேட்காதீர்கள். தாய்மாமன் பேரை மட்டும் இப்போதே ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், ஃபோனில் சொன்னால் ‘ண’வா ‘ன’வா என்று ராத்திரி பத்து மணிக்கு நான்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.